ஈறில் சீழ், இரத்தத்தில் சீனி: பல் வைத்தியர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். மாத்திரையைத் தவறவிடுவதில்லை, ஆனாலும் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.6 காட்டுகிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழ் முன்பற்கள் ஆடுகின்றன. ஈறைச் சுத்தம் செய்தால் சீனி இறங்குமா? ‘கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் கொட்டிடும்’ என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, மஸ்கெலியா

பதில்: இறங்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு மீளாய்வின்படி, ஈறு சிகிச்சை முடிந்து மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது. அம்மாவின் 8.6 ஏறக்குறைய 8.2 ஆகலாம். சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் மாத்திரையைக் கூட்டாமல் கிடைக்கிற குறைவு இது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கிருமி தங்கினால் அங்கே அழற்சி ஓயாது. அதில் சுரக்கும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. சீனி ஏற ஏற, ஈறுப் புண் ஆறுவதும் தாமதமாகும். ஒன்று மற்றதைக் கெடுத்துக்கொண்டே போகும்.

பல் கொட்டிவிடும் என்ற பயத்தால்தான் பலர் காலம் கடந்து வருகிறார்கள். பல்லைத் தாங்கும் எலும்பை நோய் ஏற்கெனவே கரைத்துவிட்டது. பல்லில் படிந்து கல்லாக இறுகிய காரை இடைவெளியை அடைத்து அதை மறைத்து வைத்திருக்கிறது. காரையை எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும், வீக்கம் வற்றி ஈறு சுருங்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசும். கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை போதும். ஆடும் பற்கள் பல, வீக்கம் வற்றியபின் கொஞ்சம் இறுகுவதும் உண்டு.

வைத்தியர் மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஆழம் பார்ப்பார். இரத்தம் கசியாமல் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஆழமிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டிய காரையைச் சுரண்ட வேண்டும். மேலே தெரியும் காரையை மட்டும் எடுத்தால் நோய் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது, சில தடவை போகவேண்டி வரும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளப்பார்கள். அப்போதும் 6 மில்லிமீற்றர் ஆழம் இருந்தால் சிறிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அப்படிப்பட்டவர்களைப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதுண்டு.

போகிற நாளில் பலர் செய்யும் தவறு ஒன்று: கிளினிக்கில் இரத்தம் எடுக்கப் போவதுபோல வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறுவது. பல் சிகிச்சைக்கு அப்படிப் போகவே கூடாது. காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டே போகட்டும். கிளினிக் கொப்பி கையில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல் குடிப்பதாயின் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வழியில் வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை.

வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தை விட்டுவிட்டால் நோய் கூடும். அடுப்புக்கரி வேண்டாம். பல்லிடுக்குக்குச் சின்னப் பிரஷ் உண்டு, அதை வாங்கிக்கொடுங்கள். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்து தந்தால் சொன்ன நாளுக்கு மட்டும்; அதோடு பிளேன்டீயும் சேர்ந்தால் பல்லில் கறை ஏறும்.

எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய சீனியின் கணக்கும் கலந்திருக்கும்.

கேள்வி: வெற்றிலை போட்டால் ஈறு இறுகும் என்பது உண்மையா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: இல்லை. சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் ஈறைப் புண்ணாக்கும், வாய்ப்புற்றுநோய்க்கும் வழி. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் இரத்தக் கசிவு குறைந்தே தெரியும். அதனால் நோய் முற்றும்வரை கவனிக்கமாட்டார்கள்.

கேள்வி: ஆடும் பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டால் தொல்லை தீராதா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். கடைவாய்ப்பல் போனால் கீரையும் பயறும் மெல்ல முடியாமல் குழைந்த சோறும் பாணும்தான் சாப்பாடாகும், சீனி இன்னும் ஏறும். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.