இரண்டாவது பட்டமாகச் செவிலியர் படிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேறொரு துறையில் பட்டம் பெற்றவர்கள் செவிலியர் இளநிலைப் பட்டத்தைப் பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களில் முடிக்க அமெரிக்காவில் வழிசெய்யும் ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என். படிப்பைப் பற்றி இம்மாதம் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. 1971-இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, இன்று பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் இருக்கிறது. பல ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்து, இப்போது மாணவர்களைக் கிளினிக்கல் பயிற்சிக்கு (மருத்துவமனையில் நோயாளிகளிடம் பெறும் நேரடிப் பயிற்சிக்கு) அழைத்துச் செல்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் 2009-இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். திருமணமாகி இங்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரீன் கார்டு இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். வரும் ஆகஸ்டிலேயே இந்தப் படிப்பில் சேர்ந்துவிட நினைக்கிறேன். அறிவியல் பட்டதாரி என்பதால் நேரடியாக விண்ணப்பிக்கலாம் அல்லவா? – ஒரு வாசகி, டாலஸ்

உங்கள் முடிவு நல்ல முடிவு, சகோதரி. ஆனால் வரும் ஆகஸ்டு என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். பதினைந்து மாதம், பதினாறு மாதம் என்று விளம்பரங்களில் வரும் கணக்கு, முதல் வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவது. அந்த நாளுக்கு வந்து சேரவே பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகிறது. இடம் கிடைப்பதும் கிடைத்த இடத்தில் தாக்குப்பிடிப்பதும் அந்த முன்னோட்ட ஆண்டில்தான் முடிவாகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் உங்கள் பட்டம். இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் இங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை. எனவே, நீங்கள் சேர விரும்பும் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள், மூன்றாண்டுப் பட்டத்தை எப்படிக் கருதுவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்திடம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கிரெடிட் (பாட அலகு) காட்டும் விரிவான அறிக்கையைக் கேளுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லும் சுருக்க அறிக்கை இதற்குப் பயன்படாது. பழைய பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து மதிப்பெண் பட்டியல் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், இந்த வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள்.

அடுத்து, சேரும் முன்பே முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்கள். மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், ஊட்டச்சத்தியல் ஆகியவற்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அறிவியல் பாடங்களை ஆய்வகத்துடன் படித்திருக்க வேண்டும். அவற்றை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 2009-இல் நீங்கள் படித்த வேதியியல் காலாவதியான பாடமாகவே கருதப்படும். இது மனத்துக்கு வருத்தமாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனாலும், வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) இந்தப் பாடங்களை மறுபடி படிப்பதை இழப்பாக எண்ணாதீர்கள். இதயம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றை ஓராண்டு நிதானமாகப் படித்து உள்வாங்கியவர்கள், பின்னர் மருந்தியலும் நோய்க்கூறியலும் வெள்ளம் போல் வரும் பருவத்தில் தடுமாறுவதில்லை. நேரத்தை மிச்சப்படுத்த மூன்று அறிவியல் பாடங்களை ஒரே கோடை விடுமுறையில் அடுக்கிக்கொண்டவர்கள் அந்தப் பருவத்தில் படும் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

என் யோசனை இது: இலையுதிர் பருவத்தில் உடற்கூறியலின் முதல் பகுதியும் புள்ளியியலும்; வசந்தத்தில் அதன் இரண்டாம் பகுதியும் உளவியலும்; கோடையில் நுண்ணுயிரியல் மட்டும். அறிக்கையைப் பார்த்த பின்னும் வேதியியலும் ஊட்டச்சத்தியலும் தேவைப்பட்டால், ஒரு பருவத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 'பி'க்குக் குறையாமல் வாங்குங்கள், இயன்றால் 'ஏ' வாங்குங்கள். ஜி.பி.ஏ. எனும் மதிப்பெண் சராசரி (4.0-க்கு) 3.0 இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் இடம் பெறுபவர்களின் சராசரி பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. டீஸ் என்ற நுழைவுத் தேர்வையும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்ற நான்கு பகுதிகளில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். அறிவியல் பகுதி உடற்கூறியலைப் பெரிதும் சார்ந்திருப்பதால், அந்தப் பாடம் முடிந்த கையோடு இத்தேர்வை எழுதுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் பலர் இதில்தான் சிக்குகிறார்கள். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியலுடன் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் சேர்ந்த பெயர், கிரீன் கார்டில் கணவரின் பெயர் சேர்ந்த மற்றொரு பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மதிப்பீட்டு அறிக்கையில் தொடங்கிப் பின்னணிச் சரிபார்ப்பு வரை ஒவ்வொரு படியிலும் கேள்வி எழும். இறுதியில் என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வு எழுதும் நாளில், அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் தேர்வறைக்குள்ளேயே விடமாட்டார்கள். திருமணச் சான்றிதழ் முதலிய பெயர் ஆவணங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அடையாள அட்டையில் உள்ள பெயரையே எழுதி வாருங்கள்.

கேள்வி: எச்-4 விசாவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பொறியியல் பட்டம் உண்டு. நான் இந்தப் படிப்பில் சேரலாமா? முடித்தபின் மருத்துவமனை எனக்கு விசா எடுத்துத் தருமா? – ஒரு வாசகி

சேரலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் முழுநேரமாகவே படிக்கலாம். அதற்கு மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் படிக்க அனுமதி இருப்பது வேறு, படித்த வேலையைப் பார்க்க அனுமதி இருப்பது வேறு. 2015 மே மாதம் முதல், கணவருக்குக் கிரீன் கார்டு கேட்டு அளிக்கப்பட்ட ஐ-140 மனு ஒப்புதல் பெற்றிருந்தாலோ, அவருடைய எச்-1பி ஆறாண்டுகளைக் கடந்து நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, எச்-4 மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் குடும்பம் அந்த நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மருத்துவமனை விசா எடுத்துத் தரும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். வார்டில் பணிபுரியும் சாதாரணச் செவிலியர் பணிக்கு இளநிலைப் பட்டம் சட்டப்படி கட்டாயமில்லை, இரண்டாண்டு அசோசியேட் பட்டமே போதும் என்பதால், அப்பணிக்கு எச்-1பி கிடைப்பது மிகக் கடினம். செவிலியர் பணி, ஆள் பற்றாக்குறை உள்ள பணிகளுக்கான 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சான்றிதழ் படி கிரீன் கார்டு மனுவில் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்கள் வேலைவழிக் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இ.பி.-3 வரிசையின் நீளம் அதனால் குறைவதில்லை. கூட்டரசின் கல்விக் கடனும் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. வேலை அனுமதி உறுதியாகும்வரை, முன்தேவைப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருப்பதே உங்கள் நிலையில் பாதுகாப்பான வழி. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் ஆவணங்களைக் காட்டி ஒருமுறை பேசிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 41, அமெரிக்கக் குடிமகன். மென்பொருள் வேலை போய்விட்டது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிக்க முடியுமா? ஆன்லைனிலேயே முடிக்கலாம் என்று ஒரு கல்லூரியிலிருந்து அடிக்கடி அழைக்கிறார்கள். எதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகர், ஒஹாயோ

ஐயா, வயதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் ஐம்பதை நெருங்கியவர்களும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பதைத்தான் நான் ஆதரிக்கமாட்டேன். கிளினிக்கல் நாளன்று காலை ஏழு மணிக்கு முன்பே இரவுச் செவிலியர் நோயாளியை ஒப்படைக்கும்போது நீங்கள் அருகில் நிற்க வேண்டும். மாலைவரை கால் ஓயாது. மறுநாள் மருந்தளவுக் கணக்குத் தேர்வு இருக்கும். அதில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தால்தான் நோயாளிக்கு மருந்து கொடுக்கவே அனுமதிப்பார்கள். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த அணியுடன் சேரக் காத்திருக்க வேண்டும். இரண்டில் தவறினால் பெரும்பாலும் வெளியேற்றம்தான். வாரத்துக்கு ஒரு நாள் வேலை என்பதே பலருக்கு அதிகமாகிவிடுகிறது.

ஆன்லைன் என்பது பாடங்களுக்கு மட்டுமே. ஆய்வகப் பயிற்சிக்கும் கிளினிக்கலுக்கும் நேரில் போயே ஆக வேண்டும். அழைப்பவரிடம் இதைக் கேளுங்கள்: கிளினிக்கலுக்கு மருத்துவமனையைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நீங்கள் தேட வேண்டுமா, அது உங்கள் வீட்டிலிருந்து எத்தனை மைல்? தெளிவான பதில் வராவிட்டால் அந்த அழைப்பை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். செவிலியர் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, உங்கள் மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்பவற்றைக் கல்லூரியின் தளத்தில் பார்ப்பதோடு நிற்காமல், அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே சரிபாருங்கள். முதல் முயற்சியிலேயே என்க்ளெக்ஸ் தேர்ச்சி பெற்றவர்களின் விழுக்காட்டை மாநில வாரியங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. மூன்று நான்கு ஆண்டுகளின் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்ற எண்ணையும் கட்டாயம் கேளுங்கள். பாதிப் பேரை இடையிலேயே அனுப்பிவிட்டு, மீதிப் பேரைக் கொண்டு உயர்ந்த தேர்ச்சி காட்டுவது ஒரு கல்லூரிக்குக் கடினமான காரியமன்று. படிக்காமலே சான்றிதழ் தருவதாக யாரேனும் சொன்னால், 2023 ஜனவரியில் வெளிவந்த புளோரிடா வழக்கை நினைவில் கொள்ளுங்கள். 7,600-க்கும் மேற்பட்ட போலிச் செவிலியர் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக அதில் குற்றம் சாட்டப்பட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூட்டரசின் பெல் உதவித்தொகை கிடையாது. கூட்டரசுக் கடன் உண்டு. ஆனால் இளநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 12,500 டாலர், வாழ்நாள் மொத்தம் 57,500 டாலர் என்ற வரம்பு உங்களுக்கும் பொருந்தும். எஞ்சிய தொகைக்குத் தனியார் கடன் வாங்கும் முன், நர்ஸ் கோர் (Nurse Corps) உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணத்தையும் மாதச் செலவுக்கான தொகையையும் கூட்டரசு தருகிறது. பதிலுக்கு, செவிலியர் பற்றாக்குறை உள்ள மருத்துவ நிலையத்தில் குறைந்தது இரண்டாண்டுகள் பணிபுரிய வேண்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இது பொருந்துவதால், டாலஸ் வாசகியும் கவனிக்கலாம். கடனை எடைபோட ஓர் எண் வேண்டுமென்றால், 2024 மே மாதக் கணக்குப்படி நாட்டில் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர்.

கேள்வி: விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது? 'சிறு வயது முதலே சேவை மனப்பான்மை உண்டு' என்று தொடங்கியிருக்கிறேன். – ஒரு வாசகி, அட்லாண்டா

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதில் பொய் இல்லை. ஆனால் தேர்வுக் குழுவினர் ஒரே நாளில் அதைப் பலமுறை படித்திருப்பார்கள். நீங்கள் முன்பு பார்த்த வேலையில் எதைக் கற்றீர்கள், அது படுக்கையருகே எப்படிப் பயன்படும் என்பதை ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு காட்டுங்கள். கணக்காளராக இருந்து வந்த ஒரு மாணவி, முதல் நாள் ஒரு மூதாட்டியைப் படுக்கையில் புரட்டும்போது தோளுக்கடியில் கை கொடுக்கத் தயங்கி நின்றாள். அதே வாரத்தில், நோயாளி ஒருவருக்கு உள்ளே போன திரவத்துக்கும் வெளியேறிய சிறுநீருக்கும் உள்ள வேறுபாட்டை மற்றவர்களுக்கு முன் கவனித்துச் சொன்னதும் அவள்தான். இத்தகைய ஒன்றை எழுத வேண்டுமானால், விண்ணப்பிக்கும் முன்பே நோயாளிகளின் அருகில் இருந்திருக்க வேண்டும். சி.என்.ஏ. எனும் செவிலியர் உதவியாளர் பயிற்சிக்குக் கூட்டரசு விதித்திருக்கும் குறைந்தபட்ச நேரம் 75 மணி மட்டுமே. அதை முடித்து, முதியோர் இல்லத்தில் சில மாதங்கள் பணிபுரியுங்கள். இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்பதற்கும் அங்கேதான் நேர்மையான விடை கிடைக்கும்.

கேள்வி: இடம் கிடைத்துவிட்டது. காசநோய்ச் சோதனை கேட்கிறார்கள். சிறுவயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருக்கிறேன், சோதனையில் தவறாக 'பாசிட்டிவ்' வந்துவிடுமா? – ஒரு வாசகி, சியாட்டில்

தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையில் பி.சி.ஜி.யின் காரணமாக அப்படி வரக்கூடும். குவாண்டிஃபெரான் போன்ற இரத்தப் பரிசோதனையை அந்தத் தடுப்பூசி பாதிப்பதில்லை. எனவே அதைச் செய்துகொள்ளலாமா என்று கல்லூரியின் சுகாதார அலுவலகத்திடம் கேளுங்கள். அதிலும் 'பாசிட்டிவ்' என்றால், மருத்துவரைப் பார்த்து மார்பு எக்ஸ்-ரே எடுக்க வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் செய்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் புதிதாகப் போட நேர்ந்தால், வழக்கமான மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்வாருங்கள்.