நிலத்தடி நீர் மேலே ஏறினால்: வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐப்பசி மழையில் எங்கள் கிணறு தளும்பி நிற்கிறது. வேளச்சேரி வீடு. தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, அதாவது சம்பை, இறைத்துக் கழுவிவிடலாமா சார்?

பதில்: இப்போது தொடாதீர்கள். காலி சம்ப் படகு மாதிரி. வெளி அளவு 3 மீ. நீளம், 2 மீ. அகலம், 2 மீ. ஆழம் என்றால், சுற்றிலும் நீர் தரைமட்டம் தொட்டதும் மேல்நோக்கித் தள்ளும் விசை 12 டன். 15 செ.மீ. கனத்தில் சுவர், தளம், மூடி எல்லாம் சேர்ந்து கான்கிரீட் எடை பத்தரை டன்தான். தூக்கிவிடும், தூக்காவிட்டால் தளம் விரிசல் விடும். பாதிக்குக் குறையாமல் நீர் இருக்கட்டும், பங்குனியில் கழுவலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடித்தளத்தைச் சுற்றிலும் 30 செ.மீ. நீட்டிப் போடுங்கள். அதன்மேல் ஏறும் மண், நீரில் மூழ்கியிருந்தாலும், ஐந்து டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும்.

கேள்வி: செப்டிக் டேங்க் பொங்குகிறது. லாரி கூப்பிடட்டுமா?

பதில்: மறுநாளே நிறையும். கோளாறு தொட்டியில் இல்லை. தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியைச் சுற்றி, மண்ணில் ஏற்கெனவே நீர் நிறைந்துவிட்டது. முழுக்க உறிஞ்சினால் மேலே சொன்ன கதைதான், தொட்டி மிதக்கும். கழிவறை நீர் இறங்க வழி கிடைக்கும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கழிவு கிணற்றிலும் கலக்கலாம், அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். இடமில்லையா, பாதாளச் சாக்கடை இணைப்புதான் தீர்வு.

கேள்வி: பேஸ்மென்ட் சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இருமுறை அடித்தும் உரிகிறது.

பதில்: வெளியே ஒரு மீட்டர் நீர் நின்றால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். உள்பக்கப் பூச்சைப் பின்னாலிருந்தே தள்ளிவிடும். முதலில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னே ஈரமென்றால் சுவர் வழி வருகிறது. முன்பக்கம் துளிர்த்தால் வெறும் காற்றின் ஈரம். சுவர் வழி என்றால் ஓரமாகச் சிறு வாய்க்கால், மூலையில் குழி, நீர் ஏறினால் தானே ஓடும்படி ஃப்ளோட் சுவிட்ச் வைத்த மோட்டார். அது இறைக்கும் நீர் கலங்கி மணலோடு வந்தால் உடனே நிறுத்துங்கள். அஸ்திவாரத்து மண் போகிறது, உங்களுடையதோ பக்கத்து வீட்டுடையதோ.

கேள்வி: மழை கூடவேயில்லை. ஆனாலும் மட்டம் ஏறுகிறதே?

பதில்: குழாய் கசிகிறது, அல்லது யாரோ இறைப்பதை நிறுத்திவிட்டார்கள். கிணற்று நீரில் குளோரின் தெரிந்தால் குடிநீர்க் குழாய், அமோனியா என்றால் சாக்கடை. குளோரின் மண்ணிலேயே அழிந்துபோகும், எனவே குளோரின் இல்லை என்பதை வைத்துக் குழாய் கசியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இறைப்பு நின்றதற்கு லண்டன் நல்ல சாட்சி. 1960-களுக்குப் பின் நிலத்தடி நீரை இறைத்த ஆலைகள் குறைய, 1990-களின் தொடக்கத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 3 மீட்டர் வரை மட்டம் ஏறியது. சுரங்க ரயிலையும் அஸ்திவாரங்களையும் காக்க, திட்டம் போட்டு மறுபடி இறைக்க வேண்டியதாயிற்று.