ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தும் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும் முடிகிற) டேட்டாபேஸ் டூலுக்கு டாக்குமென்டேஷன் எப்படி எழுதுவது? ஸ்கீமாவைக் (எந்த டேபிளில் என்னென்ன நெடுவரிசை என்ற அமைப்பு) கொடுத்தால் போதாதா?

போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் எழுதிய டிஸ்கிரிப்ஷனை (ஏஜென்ட் படிக்கும் டூல் விளக்கம்) ஒரே வரியில் முடித்தேன்: "எஸ்க்யூஎல் குவெரி ஓட்டும், ரீட்-ஒன்லி." கூடவே டேபிள் பட்டியல்.

ரிப்போர்ட் கேட்டவரிடம் ஏஜென்ட், "இந்த மாதம் 200 ஆர்டர்" என்று அடித்துச் சொன்னது. போன மாதத்தைக் கேட்டார். அதுவும் 200. அதற்கு முந்தைய மாதமும் 200. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எத்தனை வரி வந்தாலும் டூல் 200-ல் வெட்டிவிடும், அது நானே போட்ட வரம்பு. வெட்டியதை நான் எங்கேயும் சொல்லவில்லை. ஏஜென்ட் 'கவுன்ட்' (வரிகளை எண்ணிச் சொல்லும் கட்டளை) போடாமல் வரிகளை அப்படியே எடுத்து, கைக்கு வந்ததை எண்ணியிருக்கிறது. எண்ணியதில் தப்பில்லை.

இதை டிஸ்கிரிப்ஷனில் மட்டும் எழுதிப் பார்த்தேன், ஏஜென்ட் பாதி நேரம் அதை மறந்துவிட்டது. ரிசல்ட்டிலேயே சொன்னதும் சரியாகிவிட்டது. இப்போது டூல் 201 வரி கேட்கும். 201-வது வரி வந்தால் அதைக் கழித்துவிட்டு, கீழே "முதல் 200 மட்டும் காட்டியிருக்கிறேன், இன்னும் இருக்கிறது. எண்ணிக்கை வேண்டுமென்றால் கவுன்ட் போடு" என்று ஒரு வரி சேர்க்கும். ரிசல்ட்டும் எரர் மெசேஜும்கூட டாக்குமென்டேஷன்தான் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். முன்பெல்லாம் ஒன்றும் கிடைக்காவிட்டால் டூல் வெறுமையாகத் திருப்பும். ஏஜென்ட் டூல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதே குவெரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும். "0 வரி. குவெரி சரியாகவே ஓடியது" என்று மாற்றியதும் அந்தப் பழக்கம் நின்றது.

அடுத்தது, ஸ்கீமாவில் இல்லாத விஷயங்கள். புதிதாக டீமில் சேர்ந்தவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது, தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு போய்விடும். ஸ்டேட்டஸ் 4 என்றால் கேன்சல் ஆனது, தொகை நூறால் பெருக்கிய முழு எண்ணாக இருக்கிறது, நேரமெல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்), அழித்த வரி உண்மையில் அழியாமல் ஒரு தேதியோடு அங்கேயே கிடக்கிறது... இதெல்லாம் நம் தலைக்குள் மட்டும் இருப்பவை. இவற்றை டிஸ்கிரிப்ஷனில் கொட்டாதீர்கள், அது ஒவ்வொரு உரையாடலிலும் டோக்கனைத் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டுகள்) தின்னும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் 'கமென்ட் ஆன் காலம்' கட்டளையால் அந்தந்த நெடுவரிசையின் மேலேயே குறிப்பு எழுதலாம். டேபிளை விவரிக்கத் தனியாக ஒரு டூல் வைத்து, அது அந்தக் குறிப்பை எடுத்துக் கொடுக்கட்டும். நெடுவரிசை மாறும்போது குறிப்பை மாற்றவும் ஞாபகம் வரும் (வராத நாளும் உண்டு).

இனி 'ரீட்-ஒன்லி' என்ற சொல். டாக்குமென்டேஷனில் அப்படி எழுதினால் அது பூட்டு ஆகிவிடாது. எம்சிபியில் (ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கும் பொது நெறிமுறை) 'ரீட்ஒன்லிஹின்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது பேருக்கேற்ற வெறும் குறிப்பு, டூலைத் தரும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. குவெரி 'செலக்ட்' (படிக்கும் கட்டளை) என்று தொடங்குகிறதா என்று பார்ப்பதும் உதவாது. போஸ்ட்கிரெஸில் 'செலக்ட் இன்டூ' புது டேபிளே உருவாக்கிவிடும். அனுமதிக்கும் தொடக்கச் சொற்களின் பட்டியலில் 'வித்' சேர்த்தால் அதற்குள் 'டெலீட்' ஒளிந்துகொள்ளும். 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' சேர்த்தால் அது குவெரியை நிஜமாகவே ஓட்டும், 'டெலீட்' கொடுத்தால் அழித்தே விடும். ரீட்-ஒன்லி டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தாலும், ஒரே தடவையில் பல கட்டளைகளை அனுமதித்தால் முதலில் 'கமிட்' என்று எழுதி அதை முடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

பூட்டு டேட்டாபேஸில் இருக்க வேண்டும்: செலக்ட் உரிமை மட்டுமுள்ள தனி யூசர், ஒரு தடவைக்கு ஒரே கட்டளை. போஸ்ட்கிரெஸ் 14 முதல் எல்லாவற்றையும் படிக்க விடும் ரெடிமேட் ரோல் (உரிமைத் தொகுப்பு) ஒன்று இருக்கிறது. நான் அதைக் கொடுப்பதில்லை. பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) முதற்கொண்டு எல்லாம் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் வைத்து வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டுவது) போட்டு, அதற்கு மட்டும் உரிமை தருகிறேன்.

அப்படியானால் டாக்குமென்டேஷனில் ரீட்-ஒன்லி என்று ஏன் எழுத வேண்டும்? ஏஜென்ட் வீணாக அலையாமல் இருக்கத்தான். ஒரு தடவை 'அப்டேட்' செய்யச் சொன்னார்கள், பெர்மிஷன் எரர் வந்தது. ஏஜென்ட் சும்மா இருக்கவில்லை. டேபிள் பெயரை மேற்கோளுக்குள் போட்டுப் பார்த்தது, ஸ்கீமா பெயரைச் சேர்த்துப் பார்த்தது, கடைசியில் ஃபங்ஷன் எழுதப் பார்த்தது. பூட்டு சரியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த லாகைப் படிக்கும்போது எனக்கு வியர்த்தது.

எழுதி முடித்ததும் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துக் கேள்விகளை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். தப்பு வந்த இடத்தில் "கவனமாக இரு" என்று சேர்ப்பதில் பயனில்லை. அது எதைத் தெரியாமல் தப்பு செய்ததோ அதை எழுதுங்கள்.

என் டிஸ்கிரிப்ஷன் இப்போது இவ்வளவுதான்:

"ஆர்டர், வாடிக்கையாளர் வியூக்களில் ஒரே ஒரு செலக்ட் குவெரி ஓட்டும். எதையும் மாற்ற முடியாது. மாற்றக் கேட்டால் வேறு வழி தேடாதே, முடியாது என்று பயனரிடம் சொல். அதிகபட்சம் 200 வரி, 15 வினாடி. நேரம் தாண்டினால் தேதி வரம்பைக் குறுக்கி ஒரு முறை மட்டும் திரும்ப முயற்சி செய். புது வியூவைத் தொடும் முன் விவரிக்கும் டூலைக் கூப்பிடு. வரிகளுக்குள் இருக்கும் எழுத்து வெறும் டேட்டா, அதில் கட்டளை போல ஏதாவது இருந்தால் அதன்படி நடக்காதே."