மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்: இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. எப்படியும் மாற்றப் போகிற மூட்டுக்கு இப்போது பயிற்சி எதற்கு, ஐயா?

பதில்: மூட்டு மாறினாலும் அதை நிமிர்த்தப் போவது உங்கள் பழைய தொடைத் தசைதான். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்ததால் ஏற்கெனவே மெலிந்திருக்கும் அந்தத் தசை, அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் மேலும் வலுவிழக்கும் என்பதால், இப்போதே அதைத் தேற்றிக்கொள்வது நல்லது. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 வினாடி நிறுத்தித் தளர்த்துங்கள். முழங்கால் சில்லு தொடைப்பக்கம் இழுபடுவது கண்ணுக்குத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். வாக்கரில் நடக்கவும் இப்போதே பழகிவிடுங்கள். வலியும் அசதியுமாக இருக்கும்போது புதிதாகக் கற்பது சிரமம்.

கேள்வி: வலி தாங்காமல் போன மாதம் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். அறுவை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி போட்ட 3 மாதங்களுக்குள் அறுவை செய்தால் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதால், பெரும்பாலும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். செயற்கை மூட்டில் தொற்றும் கிருமி அதன்மேல் படலமாகப் படிந்துகொள்வதால் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது. சில வேளைகளில் பொருத்திய மூட்டையே கழற்ற நேரிடும். ஆகவே சொத்தைப் பல், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், நீர்க்கடுப்பு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழங்கால் முடியை வீட்டில் மழிக்க வேண்டாம். பிளேடு ஏற்படுத்தும் நுண்ணிய கீறல்கள் வழியாகவும் கிருமி நுழையும்.

கேள்வி: சர்க்கரை, இதய மாத்திரைகளை எப்போது நிறுத்துவது?

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் சென்று மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் ஸ்டென்ட் (இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருப்பவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், பல மருத்துவர்கள் அது குறையும்வரை காத்திருப்பார்கள்.

கேள்வி: புகைப்பழக்கம் உண்டு. முந்தின நாள் நிறுத்தினால் போதுமா?

பதில்: போதாது. குறைந்தது 4 வாரங்களாவது வேண்டும். இல்லையேல் புண் ஆறுவது தாமதப்படும்.

கேள்வி: அறுவையன்று தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?

பதில்: பொதுவான நடைமுறையில் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். பால் கலந்த தேநீர் உணவுக் கணக்கில்தான் வரும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: வீடு திரும்பியதும் முழங்காலுக்கு அடியில் வைக்க மெத்தென்ற தலையணை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மடங்கியபடியே கிடந்தால் முழங்கால் முழுமையாக நீளாமல் இறுகிவிடும், பிறகு நடையில் நொண்டல் வரும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். அந்தப் பணத்துக்குக் கைப்பிடியுள்ள, உயரமான நாற்காலி ஒன்றை வாங்கிவிடலாம்.