எங்கள் மாவட்ட எம்பி கோப் குழுவில் இல்லையே, என்ன செய்யலாம்?

செங்கலடிப் பக்கம் கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளர் கேட்கிறார்: ஓர் அரச கூட்டுத்தாபனத்தின் களஞ்சியம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, அரச கூட்டுத்தாபனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழுவில் மட்டக்களப்புக்கு ஓர் ஆள் இருந்தால் விசாரிக்கலாமே, அந்த இடத்தை யாரிடம் கேட்டு வாங்குவது?

ஐயா, அங்கே மாவட்டத்துக்கென்று இடமே கிடையாது. இடம் கட்சிக்குத்தான்.

உறுப்பினர்களை நியமிப்பது சபாநாயகர் தலைமையிலான தெரிவுக்குழு. (ஒரு விவகாரத்தை விசாரிக்கப் போடும் குழுவையும் பத்திரிகைகள் தெரிவுக்குழு என்றே எழுதும், அது வேறு.) கட்சிகள் பெயர்களைக் கொடுக்கும்; சபையில் யாருக்கு எவ்வளவு பலமோ அதற்கேற்ப இடம் பிரியும். ஒரு பேச்சுக்குக் குழுவில் 20 பேர் என்று வைப்போம். 2024 தேர்தலில் 225 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி எடுத்தது 159. அந்தக் கணக்கில் அவர்களுக்கு 14 பேர். தமிழரசுக் கட்சியிடம் இருப்பது 8, பங்கு 0.7, அதாவது முழு ஆள்கூட இல்லை. மட்டக்களப்பின் 5 ஆசனத்தில் 3ஐ வென்ற கட்சிக்கே இந்த நிலை! இப்படியான துண்டுப் பங்குகளை முழு ஆளாக்குவது பேச்சில்தான் நடக்கும். ஆகவே நீங்கள் நெருக்க வேண்டியது கட்சித் தலைமையையும் கொறடாவையும்.

தலைவரைக் குழு உறுப்பினர்களே முதல் கூட்டத்தில் தெரிவு செய்வார்கள். 2015இல் எதிரணியிலிருந்த ஜேவிபியின் சுனில் ஹந்துன்நெத்தி கோப் தலைவரானார். அதன்பின் ஆளும் தரப்பினரும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள். இந்தியாவில் பொதுக் கணக்குக் குழுத் தலைமை 1967 முதல் எதிர்க்கட்சிக்குப் போகிறது. என்னைக் கேட்டால், நம்மவர் ஒருவர் உள்ளே இருப்பதைவிட எதிரணிக்குத் தலைமை கொடுக்கும் இந்த வழக்கம்தான் பெரிய விஷயம்.

இன்னொன்று: ஜனாதிபதி கூட்டத்தொடரை முடித்துவைத்தால் குழுவும் கலைந்துவிடும். 2021 டிசம்பரில் கோப், கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு) இரண்டுக்கும் அதுதான் நடந்தது. அதனால் கடிதத்தைத் தலைவரின் பெயருக்குப் போடாமல் குழுவின் செயலாளருக்கு என்று போடுங்கள்.

சரி, களஞ்சியத்துக்கு வருவோம். கூட்டுத்தாபனம் என்பதால் கோப் சரிதான். திணைக்களம், பிரதேச சபை என்றால் கோபாவுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டுமே கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை வைத்துத்தான் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அந்தக் கூட்டுத்தாபனத்தின் அறிக்கையில் உங்கள் களஞ்சியம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அறிக்கையில் இல்லையென்றால் பொது மனுக் குழு இருக்கிறது. அதற்கு மனுவை ஒரு எம்பி மூலம்தான் கொடுக்க வேண்டும். அவர் கோப் குழுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் அனுப்பிய மாதிரிக் கடிதத்தில் விவசாயிகள் படும் கஷ்டம் மட்டும் முழுதாக ஒரு பக்கம் வருகிறது. அதைக் கீழே இறக்கிவிட்டு, அறிக்கையின் வருடத்தையும் பந்தி இலக்கத்தையும் முதல் வரியில் எழுதுங்கள்.