நீரூற்று பார்க்கப் போகிறீர்களா, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் கோட்டை, அருங்காட்சியகம் என்று அலைந்தே கால் ஓய்ந்துவிடுகிறது. இந்தத் தடவை நீரூற்று, குளம், பூங்கா என்று மட்டும் சுற்றலாமா என யோசனை. பத்து நிமிடத்தில் சலித்துவிடாதா?

பதில்: நேரம் தப்பிப் போனால் கண்டிப்பாகச் சலிக்கும், அதனால் தண்ணீர் என்றைக்கு, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலேயே ஊற்றுகள் தினமும் ஓடுவதில்லை. பதினான்காம் லூயி காலத்திலும் அங்கே தண்ணீர்ப் பஞ்சம்தான். அவர் நடந்து வருவதை ஊழியர்கள் விசிலடித்துச் சொல்ல, அடுத்த ஊற்றைத் திறந்து, அவர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்களாம். ராஜாவுக்கே அந்தக் கதி! ஜெனீவா ஏரியில் 140 மீட்டர் உயரம் பீய்ச்சியடிக்கிற ஊற்றையும் காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், வெயில் சாய்ந்திருக்கும்போது போங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் உங்கள் தலை நிழலிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளிப் பாருங்கள், அந்தத் திசையில் சாரல் இருந்தால் அதில் வானவில் தெரியும். இரண்டு அடி நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும், பிள்ளைகளுக்கு இதுவே அரை மணி நேர விளையாட்டு. உச்சி வெயிலில் இது நடக்காது, கண்தான் கூசும்.

கேள்வி: மோட்டார் இல்லாத காலத்தில் நீரூற்றுகள் எப்படி இயங்கின?

பதில்: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அவ்வளவுதான். ரோமுக்கு அருகே திவோலியில் 16ஆம் நூற்றாண்டில் அமைத்த வில்லா தெஸ்தே தோட்டம் அனியேனே ஆற்றுத் தண்ணீரை மலைச்சரிவில் இறக்கியே அத்தனை ஊற்றுகளையும் ஓட்டுகிறது, அந்தத் தண்ணீர் வேகத்தில் ஓர் இசைக்கருவியே வாசிக்கிறது. இப்படிப்பட்ட தோட்டத்தில் மேலேயிருந்து தொடங்கித் தண்ணீர் போகிற வழியிலேயே இறங்கி வாருங்கள், எது எதற்குத் தீனி போடுகிறது என்று புரியும். வழிகாட்டிப் பலகைகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கேள்வி: தாமரைக் குளத்துக்கு எப்போது போகலாம்? மீனுக்கு ரொட்டி போடலாமா?

பதில்: விடிந்ததும் போங்கள். காலையில் விரிகிற தாமரை மதியத்துக்குள் கூம்பத் தொடங்கிவிடும். காற்று கிளம்புவதற்கு முன்னால் என்றால் கரை மரங்களும் தண்ணீரில் கலங்காமல் தெரியும். ரொட்டி வேண்டாம். மீன் தின்றது போக மிச்சம் அழுகிப் பாசியைத்தான் வளர்க்கும்.

கேள்வி: ஊற்றில் காசு போட்டால் யாருக்குப் போகிறது?

பதில்: ஊருக்கு ஊர் மாறும். ரோமின் திரேவி ஊற்றில் விழுவதைத் திரட்டித் தர்ம காரியத்துக்குக் கொடுக்கிறார்கள். அங்கே காசு போடலாம், காலை நனைத்தால் அபராதம்.