ஆசைக்கு முன் ஒரு நாள் வாடகை

கையிலிருக்கும் நிக்கான் இசட் 6 டூ கேமரா நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் புது இசட் 6 த்ரீ மீது மனசு போகிறது என்கிறீர்கள். எனக்கும் அதே தவிப்புதான்.

இரண்டிலும் 24.5 மெகாபிக்சல்தான். நிதானமாக எடுக்கும் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) எடுத்த படத்தின் இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கினால், பழையதில்தான் புள்ளிகள் குறைந்து கொஞ்சம் சுத்தமாக இருக்கும். புதியதன் பலம் வேகம். போன தைப்பூசத்தில், சிங்கப்பூரில் காவடி ஊர்வலம் புறப்படும் பெருமாள் கோயில் வாசலில், காவடி சுழலும்போது என் பழைய கேமராவின் ஃபோகஸ் முகத்தை விட்டு மயிலிறகில் போய் ஒட்டிக்கொண்டது. பத்துப் படத்தில் மூன்றுதான் தேறியது. உங்களுக்கும் அந்த வலி இருந்தால் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். லிட்டில் இந்தியா தெருக்களும் வீட்டு விசேஷமும்தான் என்றால், அந்தப் பணத்துக்கு முகங்களை எடுக்க ஏற்ற நல்ல 85 எம்எம் லென்ஸ் வாங்கலாம். எதற்கும் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.